தாளில் பச்சை வந்த நாள்

போன மாதம் பல் டாக்டர் இளங்கோ தொலைபேசியில் அழைத்தார். "எஸ்தர் சிஸ்டர், ஒரு தடவை கிளினிக் பக்கம் வந்துட்டுப் போங்களேன். உங்களுக்குக் காட்டணும்னு ஒண்ணு வெச்சிருக்கேன்" என்றார். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் ஏறிப் போய்விட்டேன்.

பேனா போல ஒரு கருவி வைத்திருந்தார். முனை துடைப்பக் குச்சியைவிட மெல்லியது. பல்லில் ஒரு சாயத் துளியை விட்டு, அந்த முனையை இரண்டு பற்களுக்கு நடுவே வைத்தால் உள்ளே ஒரு வெளிச்சம் போய் வருகிறது. அந்த இடத்தில் எவ்வளவு அமிலம் என்று திரையில் எண் விழுகிறது. கூடப் படித்தவர்கள் ஆராய்ச்சிக்காகச் செய்தது, இன்னும் கடைக்கு வரவில்லை என்றார். என் வாயிலேயே வைத்துக் காட்டினார். கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் மட்டும் எண் இறங்கியிருந்தது. எண் இறங்கினால் அமிலம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

"பாருங்க சிஸ்டர், அடுத்த சொத்தை இங்கதான் வரப்போகுது. வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுச்சு. பெரிய டாக்டர் மரகதம் அம்மாவும் நீங்களும் அந்தக் காலத்துல இதைக் காகிதத்தை வெச்சே பண்ணுவீங்களாமே? எப்படிப் பண்ணீங்கன்னு எழுதித் தாங்க. இங்க தொழில் பழக வர்ற பசங்களுக்குக் காட்டணும்."

அதனால்தான் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் செய்முறைகள் எல்லாம் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வருகின்றன. கூடவே எங்களிடம் பல் காட்ட வந்த சபாபதியும் வருகிறார். அவரை விட்டுவிட்டு எழுதினால் பாதி பொய்யாகிவிடும்.

என் அப்பாவும் அம்மாவும் பாலாற்றுப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். என்னைச் சபைப் பள்ளியில் போட்டார்கள். அங்கிருந்த ஒரு டீச்சர் சொல்லித்தான் சென்னையில் பல் சுகாதாரப் படிப்பில் சேர்ந்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுண்ணாம்பு அச்சில் செய்த பொம்மைப் பற்களைச் சுரண்டிச் சுரண்டி விரல் மரத்துப்போனதும், விடுதிக் குழம்பும்தான் ஞாபகம். தொழிலை நான் கற்றுக்கொண்டது டாக்டர் மரகதம் அம்மாவிடம்.

காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அவர்களுடைய கிளினிக். உயரமான பெண்மணி. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மேலே பொத்தான் போடாத வெள்ளைக் கோட்டு. யாரிடமும் "பயப்படாதீங்க" என்று சொல்லமாட்டார்கள். அதைச் சொன்னால்தான் பயம் வரும் என்பார்கள். "இப்போ ஊசி போடப்போறேன், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அப்புறம் மரத்துப்போயிடும்" என்று நடக்கப்போவதை அப்படியே சொல்லிவிட்டுச் செய்வார்கள். பாராட்டும் வழக்கம் கிடையாது. நான் செய்தது சரியாக இருந்தால் "ம்" என்பார்கள். அந்த "ம்" வாங்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அம்மாவின் முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டீங்க? எப்போ சாப்பிட்டீங்க?" என்பதுதான். புதிதாக வருகிறவர்கள் உபசாரம் என்று நினைத்து, "ஆச்சும்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அது உபசாரம் இல்லை, கணக்கு. இனிப்போ புளிப்போ உள்ளே போனால் வாயில் அமிலம் ஏறும். அமிலம் ஏற ஏற எண் இறங்கும்; அது ஐந்தரைக்குக் கீழே போனால் பல்லின் மேல்தோடு கரையத் தொடங்கும். எச்சில் ஊறி அதைக் கழுவிவிட்டு, கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவரும். கரைந்துபோன சத்தையும் எச்சிலே திரும்பக் கொண்டுவந்து பல்லில் சேர்க்கும். அமிலம் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு சீக்கிரம் தணிகிறது என்று தெரிந்தால் சொத்தை விழும் முன்பே தடுக்கலாம். அம்மாவின் தொழிலே இந்த ஒரு நம்பிக்கையில்தான் நின்றது.

அளக்கிற வேலை என்னுடையது. ஒரு மணி நேரமாவது ஒன்றும் சாப்பிடாமல், வெற்றிலை பாக்கு போடாமல் வரச் சொல்வோம். சின்னக் கிண்ணத்தில் எச்சிலை வழியவிடச் சொல்வேன். காறித் துப்பக் கூடாது. அதில் சோதனைத் தாளை நனைத்து, நிறம் மாறியதும் ஜன்னலோரம் கொண்டுபோய் அட்டையில் உள்ள நிறங்களோடு பொருத்திப் பார்ப்பேன். டியூப் லைட் வெளிச்சத்தில் பார்க்க அம்மா விடமாட்டார்கள். மஞ்சளும் பச்சையும் அதில் பொய் சொல்லும். பிறகு சுவையில்லாத மெழுகுத் துண்டை மெல்லக் கொடுத்து, எவ்வளவு எச்சில் சுரக்கிறது என்று அளவுக் குவளையில் பிடிப்பேன். கடைசியாகச் சர்க்கரைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லி, நேரம் விட்டு விட்டு மறுபடி மறுபடி அளப்பேன்.

பட்டு நெய்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு நிறம் என்றால் சும்மாவா? அமிலம் அதிகம் என்றால் தாள் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகும். அதை யாரோ முதலில் "மாம்பழக் கலர்" என்றார்கள். நல்ல நிலை என்றால் பச்சை, அது "கிளிப்பச்சை". அதன் பிறகு எண்ணை யாரும் கேட்கவில்லை. "சிஸ்டர், எனக்குக் கிளிப்பச்சை வந்துச்சா?" என்பதுதான் கேள்வி.

பலருக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த ஒரு பெண், பஸ்ஸில் தூக்கம் வராமலிருக்க வழியெல்லாம் புளிப்பு மிட்டாய் சப்புவாள். முன்பற்கள் கண்ணாடி மாதிரி மெலிந்துபோயிருந்தன. மிட்டாயை நிறுத்தவைத்து, வெறும் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லி, பல்லுக்குப் பூச்சு போட்டோம். இன்றும் அதே பற்களோடு சிரிக்கிறாள். இப்படி நிறையப் பேர். அவர்களைப் பற்றி இளங்கோவிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்.

சபாபதி மனைவி புவனாவோடு வந்தார். நாற்பதுக்கு உள்ளே வயது. பட்டுத் தறி நெய்கிற குடும்பம். பரம்பரையாக அவர்கள் வீட்டு ஆண்களுக்குப் பக்கத்துச் சிவன் கோயிலில் ஒரு மரியாதை உண்டு. பங்குனித் திருவிழாவில் சாமி வீதியுலா வரும்போது பின்னால் பதிகம் பாடிக்கொண்டு போவது அவர்கள்தான். அப்பாவுக்குப் பிறகு அது சபாபதிக்கு வந்திருந்தது. தொண்டை கட்டாமலிருக்கக் கன்னத்தில் எப்போதும் ஒரு கற்கண்டு.

வாயைத் திறந்ததும் எனக்கே திக்கென்றது. ஈறை ஒட்டி எல்லாப் பற்களிலும் சொத்தை, மரத்தை அடியில் அறுத்த மாதிரி. கற்கண்டு மட்டும் இவ்வளவு செய்யாது. தாள் நல்ல மாம்பழக் கலர். மெழுகைக் கொடுத்து மெல்லச் சொன்னேன். மென்றுகொண்டே இருந்தார், குவளையின் அடி நனையவில்லை.

"வாயில தண்ணியே இல்லையேப்பா" என்றார்கள் அம்மா. "ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

சபாபதி மனைவியைப் பார்த்தார். "இல்லம்மா."

மறுநாள் புவனா தனியாக வந்தாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் போகும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே வந்தாள்.

"டாக்டரம்மா, அவரு மாத்திரை சாப்பிட்டுக்கினுதான் இருக்காரு. கேக்கறவங்களுக்கு நரம்புக்குன்னு சொல்லி வெச்சிருக்கோம். நரம்புக்கு இல்லம்மா. கல்யாணமான புதுசுல தூக்கமே இல்லாம, பேசிக்கினே, நடந்துக்கினே இருந்தாரு. யாராலயும் புடிக்க முடியல. மெட்ராஸ்ல மனசுக்குப் பாக்கற டாக்டருதான் சரி பண்ணாரு. மாத்திரை சாப்பிட்டா நல்லா இருக்காரு. ஊருக்குத் தெரிஞ்சா அந்தப் பாட்டை அவரு பெரியப்பா புள்ளைக்குக் குடுத்துடுவாங்க. அதான் சொல்லல."

அடுத்த முறை சபாபதி வந்தபோது, யாரையும் உள்ளே விடாமல் கதவைச் சாத்தச் சொன்னார்கள் அம்மா. "சபாபதி, அந்த மாத்திரை வாயை உலர்த்துது. வாய் உலர்ந்தா அமிலம் தணியாது. ஆனா மாத்திரை வேணும். அது உங்களுக்குப் பல்லைவிட முக்கியம். உங்க டாக்டர்கிட்ட நான் பேசறேன். வேற மாத்திரை இருக்கலாம், அளவைக் குறைக்கலாம்."

"நீங்க பேச வேணாம்மா. நானே கேக்கறேன்."

"சரி. நீங்களா நிறுத்தக் கூடாது. எங்கே, சொல்லுங்க பார்க்கலாம்."

"நானா நிறுத்த மாட்டேன்" என்று பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார்.

கற்கண்டு நின்றது. அடிக்கடி தண்ணீரால் வாயை நனைத்துக்கொண்டார். பற்பசையை மாற்றினோம். வாரம் தவறாமல் வந்தார். தாள் மட்டும் மாறவே இல்லை. இதற்கிடையில் மேல்வரிசை முன்பல் ஒன்று சாப்பிடும்போது ஒடிந்துவிட்டது. அன்று அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. நின்றபடியே, "கேளுங்க சிஸ்டர்" என்று "திருச்சிற்றம்பலம்" என்றார். முதல் எழுத்திலேயே காற்று ஒழுகியது. 'த'வுக்கு நாக்கு போய்த் தட்டுவதற்குப் பல் வேண்டும். "திருவிழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்குது. மீதியும் போச்சுன்னா நான் எதை வெச்சுப் பாடறது?" என்றார். அந்த இடத்தில் தற்காலிகப் பல் ஒன்றை ஒட்டிக் கொடுத்தார்கள் அம்மா. மீதி நிற்குமா என்று அவர் கேட்டதற்கு, "அமிலம் தணிஞ்சா நிக்கும்" என்றார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு சபாபதி சில வாரம் வரவில்லை. வந்தபோது புவனா கூட இல்லை. முகம் தெளிந்து, கண் பளபளவென்றிருந்தது. நான் கிண்ணத்தை நீட்டியதும் எச்சில் தாராளமாக வந்தது. தாளை நனைத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். பச்சை. சந்தேகம் வந்து இன்னொரு தாள் எடுத்தேன். அதுவும் பச்சை.

"மேடம்!" என்று கத்தியேவிட்டேன்.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னலுக்கு வந்தார்கள். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கேட்காத வார்த்தையைச் சொன்னார்கள்: "பிரமாதம்!" சபாபதியின் தோளில் தட்டினார்கள். "டாக்டர் மாத்திரையை மாத்திக் குடுத்தாரா?"

"ஆமாம்மா. மாத்திட்டாரு."

பல்லுக்குப் பூச்சு போடும்வரை சபாபதி நிறையப் பேசினார், நிறையச் சிரித்தார். முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்தபடியே ஒரு பதிகத்தைப் பாடினார். வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து வந்து கதவருகே நின்றார்கள். பல்வலியோடு வந்த ஒருவர் கன்னத்தில் வைத்த கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள்; அந்தப் பாட்டின் பொருள் பாதிதான் தெரியும். ஆனாலும் எனக்குக் கண் கலங்கியது. அந்த அறையில் நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

திருவிழாக் காலையில் வேலைக்கு வரும் வழியில் வீதியுலாவைப் பார்த்தேன். கூட்டத்துக்கு மேலே சபாபதியின் குரல் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக வந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி, "இந்த வருசம் மாதிரி அவரு பாடினதே இல்ல" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது, நான்தான் பாடியது போல.

இரண்டு நாள் கழித்து, கிளினிக் திறந்துகொண்டிருக்கும்போது புவனா ஓடிவந்தாள். தலை கலைந்து, செருப்புகூட இல்லை.

"அவரு வூட்டுக்கே வரலம்மா. உலா முடிஞ்சும் பாடறத நிறுத்தல. வீதி வீதியா பாடிக்கினே சுத்தறாரு. மொதல்ல சாமி வந்துருக்குதுன்னு எல்லாரும் கும்பிட்டாங்க. அப்புறம் தடுக்கப் போனவங்கள அடிச்சுட்டாரு. இப்ப எங்க போனாருன்னே தெரியல." மூச்சு வாங்கியவள் அம்மாவை நேராகப் பார்த்தாள். "மாத்திரைய நிறுத்தச் சொன்னீங்களாம்மா? டாக்டரம்மாதான் நிறுத்தச் சொன்னாங்க, வாயெல்லாம் பச்சை ஆயிடுச்சுன்னு சொன்னாரு. நீங்க சொன்னீங்கன்னுதான் நானும் சும்மா இருந்துட்டேன்."

அம்மா சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்கள். "நான் சொல்லலம்மா" என்று மெதுவாகச் சொன்னார்கள். அதற்கு மேல் தன் பக்க நியாயம் எதையும் பேசவில்லை. சாவியை எடுத்துக் கதவைப் பூட்டி, ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். புவனாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் தேடினோம். மதியத்துக்கு மேல், ஓரிக்கைப் பக்கம் ஆற்றில் ஒருவர் நிற்பதாக ஒரு டீக்கடைக்காரர் சொன்னார்.

பாலாற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல். நடு ஆற்றில் சபாபதி நின்றிருந்தார். கால் கொப்பளித்திருந்தது. வாய் அசைந்துகொண்டிருந்தது, குரல் துளியும் இல்லை. புவனா கிட்டே போனபோது விலகி ஓடப் பார்த்தார். டாக்டரம்மாவைக் கண்டதும் நின்றார். முகம் மலர்ந்தது. அருகே வந்து, வெயிலைப் பார்த்து வாயை அகலத் திறந்தார்.

"பாருங்கம்மா" என்றார் காற்றுக் குரலில். "பச்சையா இருக்குதா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா திருப்பிக்கொள்ளவில்லை. கிளினிக்கில் பார்ப்பது போலவே, அவர் தாடையை விரலால் தாங்கி, மேல்வரிசை, கீழ்வரிசை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்குதுப்பா" என்றார்கள். "வா, போகலாம்."

குழந்தை மாதிரி கூட வந்தார்.

மருத்துவமனையில் பல மாதம் இருந்தார். முன்பைவிடக் கூடுதலாக மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குத் தகுந்தாற்போல் வாயும் வறண்டது. பற்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அடுத்த பங்குனியில் பெரியப்பா மகன் பாடினார்.

மேலும் கீழும் முழுப் பல்செட்டை அம்மாவே செய்து கொடுத்தார்கள். அவ்வளவு மெனக்கெட்டு அவர்கள் ஒரு பல்செட்டு செய்து நான் பார்த்ததில்லை. "தலை சொல்லுங்க. தந்தை சொல்லுங்க. நாதம் சொல்லுங்க" என்று ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு, அரத்தால் தேய்த்துத் தேய்த்துச் சரி செய்தார்கள். சபாபதி சொல்லச் சொன்னதைச் சொன்னார். பாடச் சொல்ல எங்கள் இருவருக்கும் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு கிளினிக்கில் ஒன்று மாறியது. யாருக்காவது திடீரென்று பச்சை வந்தால், மாம்பழக் கலர் வந்தவரைவிட அதிக நேரம் அவரை உட்காரவைத்துப் பேசுவார்கள் அம்மா. எதை நிறுத்தினீர்கள், எதை மாற்றினீர்கள், வீட்டில் யார் கூட இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். மாத்திரை கொடுக்கிற டாக்டரிடம் அவர்களே பேசிவிடுவார்கள். இளங்கோ தன்னிடம் பழக வரும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது இதைத்தான். எண் வாயைப் பற்றி மட்டுமே சொல்லும். வாய்க்குச் சொந்தக்காரரைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

அம்மா போன வருடம் காலமானார்கள். கடைசி நாட்களில் பார்க்கப் போயிருந்தபோது, பேச்சுக்கு நடுவே, "அன்னிக்கு அவர்கூட மனைவி வரலன்னு நான் கவனிச்சேன் எஸ்தர். கவனிச்சும் கேக்கல. சந்தோஷத்துல விட்டுட்டேன். அவரை ஒரு தடவை பார்த்து மன்னிப்பு கேக்கணும்" என்றார்கள். போர்வையைச் சரி செய்துவிட்டு வந்தேன்.

இளங்கோவின் கருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, டவுன் பஸ்ஸில் சபாபதியும் புவனாவும் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். மெலிந்து, நரைத்திருந்தார். தறிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாராம். இத்தனை வருடமாகக் கேட்காததை அன்று கேட்டேன்: "பாடறீங்களா?"

புவனாதான் பதில் சொன்னாள். "வூட்டுலதான் சிஸ்டர். பல்லைக் கழட்டி வெச்சுட்டுப் பாடுவாரு. வார்த்தை ஒண்ணும் புரியாது. ராகம் மட்டும் அப்படியே இருக்குது."

சபாபதி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, "அம்மா போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நான் பொய் சொன்னதுக்கு என்மேல கோவமா இருந்தாங்களா சிஸ்டர்? நேர்ல போயி மன்னிப்பு கேக்கணும்னு இருந்தேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கினு போறதுன்னு தள்ளிக்கினே போயிட்டேன்" என்றார்.

"கோவமே இல்லப்பா. உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்னு அவங்கதான் சொல்லிக்கினு இருந்தாங்க."

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. புவனா முதலில் இறங்கினாள். படியில் கால் வைத்தவர் கம்பியைப் பிடித்தபடி திரும்பினார்.

"அவங்களும் நானும் ஒரே ஊர்லதானே இருந்தோம் சிஸ்டர்" என்றார்.